எலியை மட்டுமல்ல, பையையும் உதறுங்கள்

செம்பனைத் தோட்டத்திலோ லயத்துப் பின்புறத்திலோ எலி பிடித்துத் தெள்ளு, சிற்றுண்ணி கணக்கெடுப்பவர்கள், காலையில் கூண்டைப் பார்த்த கையோடு எலியை வெள்ளைத் துணிப்பைக்குள் விட்டு வாயை இறுக்கிக் கட்டுங்கள். ஓர் எலிக்கு ஒரு பை. தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்ளே இருந்தால் சிற்றுண்ணி மடிப்பில் ஒளிந்துவிடும். எலியை எடுத்ததும் பையை மறுபடி கட்டி ஓர் இரவு உறைபெட்டியில் வையுங்கள் (சாப்பாடு வைக்கும் பெட்டி வேண்டவே வேண்டாம்). மறுநாள் வெள்ளைத் தட்டின்மேல் உதறி, விழுந்தவற்றை ஈரத் தூரிகை நுனியால் எடுத்து 70 விழுக்காடு எத்தனாலில் போடுங்கள். சீட்டை பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

தெள்ளும் லேலாப்ஸ் சிற்றுண்ணியும் மயிரிலேயே ஒட்டிக் கிடப்பதில்லை. எலி துள்ளும்போது பல இறங்கிவிடும். கம்பிக்கூண்டில் அவை போன இடம் தெரியாது, பையில் தங்கும். பேன் அப்படியில்லை, மயிரைப் பற்றியே நிற்கும், அதற்குப் பேன்சீப்புதான்.

புதர்க் காய்ச்சலைப் பரப்பும் லெப்டோட்ராம்பிடியம் என்ற சிற்றுண்ணியின் இளம்பருவங்களுக்கு இந்த வழி உதவாது. அவை பெரும்பாலும் காதுமடலுக்குள் வாயைப் பதித்துக் கூட்டமாக இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து நுண்ணிய இடுக்கியால் எடுக்க வேண்டும். அடிபொறியில் செத்த எலிக்கும் பயனில்லை: உடல் குளிரக் குளிரத் தெள்ளு வெளியேறியிருக்கும். அந்த எண்ணிக்கையை உயிரோடு பிடித்தவற்றின் சராசரியில் கலக்காதீர்கள். ஒரே கூண்டில் இரண்டு எலி விழுந்திருந்தாலும் எது எதனுடையது என்று பிரிக்க முடியாது.