20 யூரோ டிக்கெட், 75 யூரோ அபராதம்

ராயன்ஏர், விஸ் ஏர், ஈஸிஜெட் போன்ற ஐரோப்பிய மலிவு விமான நிறுவனங்களில் 20 யூரோவுக்கு டிக்கெட் கிடைப்பது பொய்யில்லை. ஆனால் அந்த விலை, அவர்கள் போட்ட விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுகிறவர்களுக்கு மட்டும்தான். நம் மறதியிலும் காசு பார்க்கத் தெரிந்தவர்கள்.

பலரும் சறுக்குவது விமான நிலையத்தின் பெயரில். பாரிஸ் பொவே என்று போட்டிருக்கும். பொவே பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல், பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். ஃப்ராங்க்ஃபர்ட் ஹான் சுமார் 120 கிலோமீட்டர். மியூனிக் வெஸ்ட் என்று விற்கப்பட்ட மெம்மிங்கனும் நூறைத் தாண்டும். விமானம் காலை ஆறு மணிக்கு என்றால் முந்தின இரவே அங்கே ரூம் போட வேண்டியிருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். டிக்கெட் போடும் முன் விமான நிலையத்தை மேப்பில் பார்த்து, பஸ் கட்டணத்தையும் கடைசி பஸ் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மிலன் என்று விற்கப்படும் பெர்கமோவை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். மலை மேல் பழைய நகரத்தோடு அந்த ஊரே பார்க்க வேண்டிய ஊர்.

அடுத்தது பை. டிக்கெட்டோடு இலவசமாக வருவது முன் சீட்டுக்கு அடியில் நுழையும் பை ஒன்றுதான்: ராயன்ஏரிலும் விஸ் ஏரிலும் 40x30x20 சென்டிமீட்டர், ஈஸிஜெட்டில் 45x36x20. நாம் கேபின் பை என்று இழுத்துப் போகும் டிராலிக்குத் தனிக் காசு. சக்கரமும் கைப்பிடியும் அளவில் சேரும். விமானம் ஏறும் கேட்டில் இருக்கும் அளவு பார்க்கும் பெட்டிக்குள் பை இறங்கவில்லையென்றால் ராயன்ஏரில் 75 யூரோ வரை கேட்பார்கள். போகும்போது அடங்கிய பை, திரும்பும்போது சாக்லேட்டும் பரிசுப் பொருளுமாகப் புடைத்திருக்கும். பெரும்பாலும் மாட்டுவது அப்போதுதான். சக்கரமில்லாத துணிப்பை உத்தமம்.

செக்-இன் ஆன்லைனில்தான். சீட் தேர்வுக்குத் தனிக் காசு கொடுக்காதவர்களுக்கு ராயன்ஏரில் 24 மணி நேரத்துக்கு முன் திறந்து, 2 மணி நேரத்துக்கு முன் மூடிவிடும். தவறவிட்டு கவுன்ட்டரில் போய் நின்றால் ஆளுக்கு 55 யூரோ வரை. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஆன்லைனில் முடித்தாலும் விசா சரிபார்ப்பு கவுன்ட்டருக்குப் போக வேண்டி வரலாம்; அந்த வரிசைக்கும் நேரம் ஒதுக்குங்கள். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கட்டும். இனிஷியலை விரித்து எழுதுவதா வேண்டாமா என்ற குழப்பம் நமக்கு எப்போதும் உண்டு; பின்னால் பெயர் மாற்றினால் டிக்கெட்டை விட அதிகம் ஆகும்.

எல்லாவற்றையும் விட மோசமான தவறு, இரண்டு தனி டிக்கெட்டை நாமே கோத்து ஒரு பயணமாக்குவது. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான், அந்த நிறுவனம் பொறுப்பேற்காது. செக்-இன் செய்த பையையும் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும். நடுவில் லண்டன் வந்தால் இன்னொரு சிக்கல்: பையை எடுக்க இமிக்ரேஷன் தாண்ட வேண்டும், அதற்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) செல்லாது, பிரிட்டன் விசா வேண்டும். அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை. விசா இல்லையென்றால் புறப்படும் இடத்திலேயே ஏற்ற மாட்டார்கள், பணமும் திரும்பாது.

சரி, விமானமே தாமதமானால்? மலிவு டிக்கெட்தானே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதி இவர்களுக்கும் பொருந்தும். நிறுவனத்தின் தவறால் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 1,500 கிலோமீட்டர் வரையான பயணத்துக்கு 250 யூரோ. டிக்கெட் 20 யூரோவாக இருந்தாலும் அதே தொகை. புயல் போன்ற காரணமென்றால் இழப்பீடு கிடையாது, ஆனால் காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடும், இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டலும் தர வேண்டும். தராவிட்டால் நியாயமான செலவுக்கு ரசீது வைத்துக்கொண்டு அவர்கள் இணையதளத்திலேயே நேராக விண்ணப்பியுங்கள். இடைத்தரகர்கள் இதற்கு நல்ல பங்கைக் கமிஷனாக எடுத்துக்கொள்வார்கள்.