டர்பனில் புதிய மேசன்கள் கிளப்: முதல் சந்திப்பை நடத்துவது எப்படி?

"லாட்ஜுக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஒருவர் கோட்டு சூட்டோடு இரவு ஏழு மணிக்குக் கிளம்பினால் தமிழ் வீட்டில் என்ன நினைப்பார்கள்? நமக்கு லாட்ஜ் என்றால் தங்கும் விடுதி. ஃப்ரீமேசன் (சுருக்கமாக மேசன்) என்ற சகோதரத்துவச் சங்கத்தினருக்கோ அது அவர்கள் கூடும் கிளை. ஃப்ரீமேசனாகச் சேர்ந்து ஆறு மாதமாகியும் அந்தச் சந்தேகம் வீட்டில் தீரவில்லையென்றால், அந்த வீட்டாரை யாரும் ஒருமுறைகூட எங்கும் அழைக்கவில்லை என்று பொருள்.

புதியவருக்கும் சிக்கல் உண்டு. முதல் டிகிரி (சடங்கு வழியாக ஏறும் மூன்று படிகளில் முதலாவது) முடித்தவர் தன் லாட்ஜ் இரண்டாம், மூன்றாம் டிகிரிக்குத் திறக்கப்படும்போது வெளியே போய்க் காத்திருக்க வேண்டும். அந்த மாதங்களில்தான் பலர் மெல்ல வராமல் போகிறார்கள். புதிய மேசன்களுக்கான கிளப்பின் வேலை இந்த இடைவெளியில் இருக்கிறது. ஒரு சந்திப்பு நன்றாக நடந்ததா என்பதற்கு ஒரே அளவுகோல்: அன்று முதல்முறை வந்த குடும்பம் அடுத்த முறையும் வந்ததா? கீழே வரும் ஒவ்வொரு படியும் அதை மனதில் வைத்துத்தான்.

படி 1: யாரை அழைப்பது

இங்கிலாந்து முறை லாட்ஜ்களில் முதல் டிகிரிக்காரர் சடங்குக்கு இடுப்பில் கட்டும் ஏப்ரன் வெறும் வெள்ளை. இரண்டாம் டிகிரியில் இரண்டு வெளிர்நீல ரோஜாப்பூ முடிச்சுகள் சேரும். மூன்றாவதில் ஓரமும் வெளிர்நீலமாகும். புதியவர்களின் கிளப்புகளுக்கு 'லைட் ப்ளூஸ்' என்று பெயர் வந்தது இதனால்தான். ஆனால் தென்னாப்பிரிக்காவில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய மூன்று மரபுகளோடு, 1961-ல் தொடங்கிய தென்னாப்பிரிக்க கிராண்ட் லாட்ஜும் (லாட்ஜ்களின் தலைமை அமைப்பு) இயங்குகிறது. ஸ்காட்லாந்து முறையில் ஒவ்வொரு லாட்ஜும் தனக்கென்று ஒரு நிறம் வைத்துக்கொள்ளும். பச்சையோ சிவப்போ கட்டுகிறவர் 'லைட் ப்ளூஸ்' என்ற அழைப்பைப் பார்த்து, இது நமக்கில்லை என்று ஒதுங்கிவிடுவார். எனவே நிறத்தைச் சொல்லாமல், "சேர்ந்து ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர்கள்" என்று எழுதுங்கள்.

கிளப் என்பது லாட்ஜ் ஆகாது. சடங்கு கிடையாது, ஏப்ரனும் கிடையாது. பொது இடத்தில் ஏப்ரன் அணிய மேலிடத்தின் சிறப்பு அனுமதி வேண்டும், அதனால் ஏப்ரன் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். கிளப் பெயரில் எதையும் அறிவிக்கும் முன் உங்கள் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிச் சம்மதம் வாங்குங்கள்.

பொறுப்புக்கு மூன்று பேர் போதும். ஒருவர் காசு, ஒருவர் சாப்பாடு, ஒருவர் வாசல். வாசல்காரரின் வேலை என்னவென்று பின்னால் வருகிறது. ஏழு பேர் குழு போட்டால் ஏழு பேரும் மற்ற ஆறு பேர் செய்வார்கள் என்று இருந்துவிடுவார்கள்.

படி 2: நாள் குறிப்பது

பாதிச் சந்திப்புகள் கெட்டுப்போவது இங்கேதான். மூன்று காலண்டர்களை மேசையில் விரித்து வையுங்கள்.

முதலாவது லாட்ஜ் காலண்டர். கூட்ட இரவுகளையும் சடங்குப் பயிற்சி இரவுகளையும் அடித்துவிடுங்கள். ஏற்கெனவே மாதம் இரண்டு இரவு வெளியே போகிறவரை மூன்றாவது இரவும் இழுத்தால், கோபம் அவர் மேல் வராது, கிளப் மேல்தான் வரும். ஆகவே பகல் பொழுதையே தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது ஊர்க் காலண்டர். ஜூலை முதல் சனிக்கிழமை கிரேவில் மைதானத்தில் குதிரைப் பந்தயம். காம்ரேட்ஸ் மாரத்தான் நடக்கும் ஞாயிறு டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே சாலைகள் அடைபடும். கோடையில், அதாவது அக்டோபர் முதல் மார்ச் வரை, புழுக்கமும் மழையும். மே முதல் ஆகஸ்ட் வரை வானம் தெளிவாக இருக்கும், ஆனால் ஜூனில் ஐந்து மணி சுமாருக்கே சூரியன் மறையும். நான்கு மணிக்கு, திறந்தவெளியில் இறைச்சி சுடும் ப்ராய் அடுப்பை மூட்டினால் இருட்டில்தான் சாப்பிட வேண்டும்.

மூன்றாவது நம் காலண்டர். செப்டம்பர் 24 பாரம்பரிய தினம். நாடு முழுக்க அன்று ப்ராய் புகை. புதுக் கிளப் எதுவும் முதலில் குறிக்கும் நாளும் அதுதான். ஆனால் அது புரட்டாசியில் விழுகிறது. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை நம் வீடுகளில் பலவற்றில் இறைச்சி வாசனையே கிடையாது. அழைத்தால் மரியாதைக்கு வந்து, கோழி வேகும் கம்பி வலை பக்கத்தில் வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போவார்கள். மறுமுறை வரமாட்டார்கள். அந்த நாளில் நடை வைத்துக்கொள்ளுங்கள், சைவச் சாப்பாடு போடுங்கள். தைப்பூசக் காவடிக்கு முந்தைய விரத நாட்கள், இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டம் போகும் புனித வெள்ளி, ஆடி மாதக் கூழ் ஞாயிறுகள் ஆகியவற்றையும் அடித்துவிடுங்கள். முஸ்லிம் சகோதரர்கள் இருந்தால் ரமலானையும் பாருங்கள்.

எல்லாம் கழித்தபின் மிஞ்சும் நல்ல நாட்கள்: மார்ச் 21, ஏப்ரல் 27, ஜூன் 16. மூன்றும் அரசு விடுமுறை. குறித்த நாள் வெள்ளியில் விழுந்தால் மட்டும் சைவமாகத் திட்டமிடுங்கள்.

படி 3: இடம்

முதல் சந்திப்புக்கு இரண்டு மணி நேரம் போதும். டர்பன் தாவரவியல் பூங்கா பொருத்தமானது. 1849-ல் தொடங்கியது, வண்டிக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் நடக்க எளிது, நடந்து முடித்துத் தேநீர் குடிக்கலாம். அறிமுகமில்லாதவர்களோடு பேச்சைத் தொடங்க ஒரு சாக்கும் அங்கேயே இருக்கிறது: வுட்ஸ் சைக்காட் என்ற மரம். 1895-ல் ஓங்கோயே காட்டில் கண்டெடுத்த ஒரே ஆண் மரத்தின் கன்றுகள்தான் உலகெங்கும் இருக்கின்றன. இன்றுவரை பெண் மரம் கிடைக்கவில்லை. நம் அத்தைமார்களிடம் சொல்லிப் பாருங்கள், ஜாதகம் கேட்பார்கள்.

இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில் தூரம் போகலாம். ஹோவிக் சுமார் 100 கிலோமீட்டர். 95 மீட்டர் அருவி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 1962 ஆகஸ்ட் 5-ல் மண்டேலா கைதான இடத்தில் 50 எஃகுத் தூண்கள். தூண்களுக்கு முன் 35 மீட்டர் தள்ளி நின்றால்தான் அவை சேர்ந்து அவர் முகமாகத் தெரியும். பக்கத்தில் போனால் வெறும் இரும்பு. குழுப் படத்தை அந்த இடத்திலேயே எடுங்கள். கோடையில் அங்கே பிற்பகல் இடிமழை வழக்கம், ஆகையால் மதியத்துக்குள் வெளி வேலையை முடித்துவிடுங்கள்.

கடற்கரையில் மது அருந்த அனுமதி இல்லை. முதல் ப்ராயை ஒருவர் வீட்டு முற்றத்தில் வைப்பதே நிம்மதி.

படி 4: காசு

இருபது பேர் வருவதாகச் சொன்னால் பதினாறு பேருக்குத்தான் கணக்கு. நிலையான செலவை (வாடகை, கரி, பனிக்கட்டி) சொன்னவர்களில் 80 சதவீதத்தால் வகுங்கள். தலைக்கு ஆகும் சாப்பாட்டுச் செலவைக் கூட்டுங்கள். உதாரணமாக நிலையான செலவு 1,200 ராண்ட்: 16-ஆல் வகுத்தால் 75. சாப்பாடு தலைக்கு 140. மொத்தம் 215, முழுமையாக்கி 220 என்று வாங்குங்கள். இருபது பேரும் வந்துவிட்டால் 400 ராண்ட் மிஞ்சும், அது தர்ம நிதிக்குப் போகட்டும். பணம் ஐந்து நாள் முன்பே வர வேண்டும். அன்று வாசலில் வசூலிப்பதாக இருந்தால் நான்கு பேர் வரமாட்டார்கள், நட்டம் சாப்பாட்டுக்காரர் தலையில்.

குலுக்கல் சீட்டு விற்கும் ஆசை வரும். வெளியாருக்கு விற்றால் 1997 லாட்டரிச் சட்டத்துக்குள் வந்துவிடும். ஆரம்பத்தில் வேண்டாம்.

படி 5: சாப்பாடு

பெயர் கேட்கும்போதே சைவமா, ஹலாலா, மாட்டிறைச்சி விலக்கா என்று கேட்டுவிடுங்கள். ஏமாறும் இடம் பூர்வோர்ஸ் என்ற தென்னாப்பிரிக்க சாசேஜ். மாடு, பன்றி, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றின் இறைச்சி குறைந்தது 90 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம், எனவே பெரும்பாலும் மாடு கலந்திருக்கும். ஆட்டிறைச்சி அல்லது கோழி சாசேஜ் வாங்குங்கள். வாங்கும்போது மேலுறை எதனால் ஆனது என்றும் கசாப்புக் கடையில் கேளுங்கள். உள்ளே கோழி, வெளியே பன்றிக் குடல் என்பது நடக்கிற சங்கதி.

இருபது பேரில் 14 அசைவம், 6 சைவம் என்று வைத்துக்கொள்வோம்.

இறைச்சி தலைக்கு 350 கிராம், எலும்போடு மொத்தம் 5 கிலோ. ஒரு கிலோ இறைச்சிக்கு ஒரு கிலோ கரி, கையிருப்பாக இன்னொரு மூட்டை. ரொட்டி தலைக்கு இரண்டு. குடிநீர் குளிர்காலத்தில் தலைக்கு ஒரு லிட்டர், கோடையில் இரண்டு. பனிக்கட்டி 10 கிலோ.

சைவத்தை ஆறு பேருக்கு மட்டும் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். அசைவக்காரர்கள்தான் முதலில் பனீரில் கை வைப்பார்கள். பன்னிரண்டு பேருக்குச் செய்யுங்கள். சுகர் பீன்ஸ் 1 கிலோவை முதல் நாள் இரவே ஊறப்போட்டால் அத்தனை பேருக்கும் குழம்பாகும். பாதி ரொட்டியைக் குடைந்து ஊற்றினால் பன்னி சௌ. அதை யாரும் வேண்டாம் என்று சொன்னதாகத் தெரியவில்லை. சைவத்துக்குத் தனி அடுப்பு, தனிக் கம்பி வலை, தனி இடுக்கி. அதை முதலில் மூட்டி, சைவக்காரர்களை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள்.

கரி சாம்பல் பூக்க 30 முதல் 40 நிமிடம் ஆகும், விறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல். வலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கையை ஐந்து நொடி பிடிக்க முடிந்தால் கோழிக்கு ஏற்ற சூடு. இரண்டே நொடியில் கையை எடுத்தால் இன்னும் பொறுங்கள். எலும்புள்ள கோழிக்கு 40 நிமிடம் கொடுங்கள். வெளியே கருகி உள்ளே பச்சையாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் மசாலாவில் போட்ட சர்க்கரையோ தக்காளி சாஸோதான். அதைக் கடைசி ஐந்து நிமிடத்தில் தடவுங்கள். மயோனைஸ் சேர்ந்த உருளைக்கிழங்கு சாலட் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, கொளுத்தும் வெயிலில் ஒரு மணி நேரம்தான்.

வண்டி ஓட்டுகிறவர்கள் யார் என்று முன்பே பேசிவையுங்கள். இரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராம் ஆல்கஹால் எட்டினாலே குற்றம்.

படி 6: அழைப்பு

நீளமாக எழுதினால் படிக்கமாட்டார்கள். இப்படிப் போதும்:

"வணக்கம் பிரதர். ஜூன் 16 காலை 10 மணி, தாவரவியல் பூங்கா வாசல். நடை, பிறகு தேநீர். 12 மணிக்கு முடிந்துவிடும். அக்காவையும் பிள்ளைகளையும் கட்டாயம் கூட்டி வாங்க. சாதாரண உடை. சைவமா அசைவமா என்று 10-ஆம் தேதிக்குள் சொல்லுங்க."

முடியும் நேரத்தை எழுதுவது முக்கியம். எப்போது வீடு திரும்பலாம் என்று தெரிந்தால்தான் குடும்பம் கிளம்பும். குழுவில் போட்டதோடு விடாமல் புதியவர் ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் செய்யுங்கள்.

படி 7: அன்று

வாசல்காரர் இருபது நிமிடம் முன்பே வந்துவிட வேண்டும். முதல்முறை வரும் ஒவ்வொரு குடும்பத்தையும் இன்னொரு குடும்பத்தோடு சேர்த்துவிட்டுத்தான் அவர் வாசலுக்குத் திரும்ப வேண்டும். மனைவியை மற்ற வீட்டுப் பெண்களோடு பேசவிடுவதற்குள் கணவரை ஆண்கள் கூட்டத்துக்கு இழுத்துப் போகாதீர்கள். பதவி வரிசையில் உட்காரவைப்பதும் வேண்டாம். வாழ்த்துரை ஒன்றே ஒன்று, மூன்று நிமிடம்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பு தேவை. மூன்றாம் டிகிரிச் சடங்கைப் பற்றி ஜாடைமாடையாகக் கிண்டல் பேசுவது சிலருக்கு வழக்கம். முதல் டிகிரியில் இருப்பவர் அதைக் கேட்டால், அவருக்கு வரவேண்டிய அனுபவம் பாதி அங்கேயே வீணாகிறது. அடுத்து, படம். தான் மேசன் என்று ஒருவர் தாமே சொல்லலாம், மற்றவரைப் பற்றி நாம் சொல்லக் கூடாது என்பது பழைய வழக்கம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. படத்தில் இருப்பவர்கள் சம்மதிக்காமல் முகநூலில் போடாதீர்கள்.

சேர ஆர்வமுள்ள நண்பர் யாராவது வந்திருந்தால் நன்றாகக் கவனியுங்கள், விண்ணப்பத்தை மட்டும் நீட்டாதீர்கள். அவராக விரும்பிக் கேட்க வேண்டும்.

படி 8: கலைந்த பிறகு

அடுத்த தேதியை எல்லோரும் கலைவதற்கு முன்பே அறிவியுங்கள். காசுக்காரர் மூன்று நாளில் வரவு செலவைக் குழுவில் போடட்டும், ஐந்து ராண்ட் ரசீதுகூட விடாமல். வருகிறேன் என்று சொல்லி வராதவருக்கு மறுநாள் வாசல்காரர் போன் செய்யட்டும், குறை சொல்ல இல்லை, நலம் விசாரிக்க. வீட்டில் நோய், வேலை போயிற்று என்று தெரியவந்தால் அவர் அனுமதியோடு அவருடைய லாட்ஜில் உறுப்பினர் நலம் கவனிக்கும் பொறுப்பாளரான ஆல்மனரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். அந்த வேலைக்கென்றே ஆல்மனர் இருக்கிறார்.