தண்ணி ஊத்த மறக்குற ஆளா நீங்க? அப்போ இந்த செடிங்க வாங்குங்க

வீட்டுக்குள்ள வைக்குற செடி செத்துப்போச்சுன்னு சொல்றவங்கள்ல முக்காவாசி பேர் தண்ணி ஊத்தியே கொன்னிருப்பாங்க. நானும்தான். ஒரு பீஸ் லில்லி வாங்கி தினமும் காபி போடுற கையோட ஒரு டம்ளர் ஊத்துவேன், இலை தொங்க ஆரம்பிச்சதும் ஐயோ பாவம் தாகம் போலன்னு இன்னொரு டம்ளர், கடைசில பிடுங்கி பாத்தா வேரெல்லாம் கொழகொழன்னு, சாக்கடை நாத்தம்.

அதனால செடிய பாத்து ஆசைப்படுறதுக்கு முன்னாடி இடத்த பாருங்க. மத்தியானம் 12 மணிக்கு அந்த மூலைல லைட் போடாம பேப்பர் படிக்க முடியுதா? முடிஞ்சா மணி பிளான்ட், ஸ்பைடர் பிளான்ட் எதுவும் வரும். கண்ண சுருக்க வேண்டியிருந்தா ஸ்நேக் பிளான்ட் இல்ல ஸீஸீ பிளான்ட், அவ்ளோதான். ஜன்னலே இல்லாத பாத்ரூம்ல எதுவுமே வேணாம், பிளாஸ்டிக் பூ வாங்கி வச்சுக்கோங்க. மேற்கு ஜன்னல்ல சித்திரை வெயில் நேரா அடிச்சா மணி பிளான்ட் இலை கருகிடும், ரெண்டடி தள்ளி வைங்க.

என் ஓட்டு ஸீஸீக்குதான். மண்ணுக்கடியில உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கு இருக்கும், தண்ணிய அதுல சேத்து வச்சுக்கும், ஊருக்கு போய்ட்டு 3 வாரம் கழிச்சு வந்தாலும் அசராம நிக்கும். ஸ்நேக் பிளான்ட்டும் அப்படித்தான், நம்மூர் மருள் செடிக்கு சொந்தக்காரன் (அந்தக் காலத்துல வில்லுக்கு நாண் திரிச்ச நார் அந்த மருளோடதுதான்). ஆனா இதெல்லாம் ரூம் காத்த சுத்தம் பண்ணும்னு கடைக்காரர் சொன்னா தலைய மட்டும் ஆட்டுங்க. அதுக்கு ஆதாரமா காட்டுற, 1989ல நாசா பண்ண சோதனை மூடின சின்ன பெட்டிக்குள்ள பண்ணது, நம்ம ஹால் பெட்டி இல்லையே.

தண்ணிக்கு கிழமை கணக்கெல்லாம் வேணாம். ஆள்காட்டி விரல ரெண்டு கணு வரைக்கும் மண்ணுல விடுங்க, ஈரம் ஒட்டுச்சுன்னா நகந்துடுங்க. மழைக்காலத்துல ஸீஸீக்கு மாசம் ஒரு தடவையே போதும். தொட்டி அடியில ஓட்டை இருக்கணும், தட்டுல தேங்குன தண்ணிய அப்பப்ப கொட்டிடணும். நர்சரி மண்ணு பாதி நேரம் களிமண்ணா இறுகி கெடக்கும், செம்மண், கோகோபீட் (தேங்கா நார்த் தூள்), ஆத்து மணல் மூணையும் சரிசமமா கலந்து மாத்திடுங்க, ஸ்நேக், ஸீஸீ ரெண்டுக்கும் மணல் கொஞ்சம் தூக்கலா. ஆர்ஓ மெஷின்ல வெளிய போற தண்ணிய வீணாகுதேன்னு ஊத்தாதீங்க, உப்பு ஏறி இலை நுனி காஞ்சு போகும்.

பாட்டில்ல மணி பிளான்ட் வைக்குறவங்க வாரம் ஒரு தடவ பாட்டில உள்ள தேய்ச்சு கழுவி தண்ணி மாத்துங்க, டெங்கு கொசு முட்டையிடுறதே இந்த மாதிரி தேங்குன நல்ல தண்ணிலதான். வீட்டுல பூனையோ தவழுற குழந்தையோ இருந்தா மணி பிளான்ட், ஸீஸீ, டைஃபன்பாக்கியா மூணும் எட்டாத உயரத்துல இருக்கட்டும், கடிச்சா வாயெல்லாம் எரியும். ஸ்பைடர் பிளான்ட்ட பூனை மென்னா பயமில்ல, செடிக்குத்தான் கஷ்டம்.

நர்சரில விலை பேசுறதுக்கு முன்னாடி இலைய திருப்பி காம்பு இடுக்குல பாருங்க. பஞ்சு மாதிரி வெள்ளையா ஒட்டியிருந்தா மாவுப்பூச்சி, 50 ரூபா கொறச்சு தரேன்னாலும் வாங்காதீங்க, வீட்டுல இருக்குற மத்த செடிக்கும் பரவிடும்.