வடதுருவக் கடலைப் பேசுகையில் உப்பை விட்டுவிடாதீர்கள்

முதல் தவறு என்னுடையது. உவரியில் பள்ளிப் பிள்ளைகளிடம் வடதுருவக் கடல் பற்றிப் பேசப் போயிருந்தேன். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனம், அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலேயே நிற்கும் என்று பாடப்புத்தகத்தில் உள்ளதை அப்படியே ஒப்பித்தேன். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கடல்தொழில் பெரியவர் ஒருவர், "சார், அது குளத்துத் தண்ணிக்கு உள்ள கணக்குல்லா? உப்புத் தண்ணிக்கும் அதேதானா?" என்றார். எனக்கு வாயடைத்துப் போயிற்று.

அவர் கேட்டதுதான் விஷயமே. 4 டிகிரிக் கணக்கு நல்ல தண்ணீருக்கு. கிலோவுக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீர் சுமார் மைனஸ் 1.9 டிகிரியில் உறையும். அதுவரை குளிரக் குளிரக் கனத்துக்கொண்டேதான் போகும். உறையும்போதும் பனிக்கட்டி உப்பைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும், சுற்றியுள்ள நீர் இன்னும் கனக்கும். அட்லாண்டிக்கின் வெப்பப் பகுதியிலிருந்து வரும் உப்பு கூடிய நீர், நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவில் தன் சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு அமிழ்கிறது. அமிழ்ந்த நீர் கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே, டென்மார்க் நீரிணையின் கடலடி மேட்டைத் தாண்டி 3 கிலோமீட்டருக்கும் மேல் கீழே சரிகிறது. மணிமுத்தாறு அருவியைப் பார்த்தே வாய்பிளக்கிறோம். உலகின் மிகப் பெரிய அருவி கடலுக்குள் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருக்கிறது. அந்த நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவும் கூடவே ஆழத்துக்குப் போகிறது.

அடுத்து, செய்திகளில் அடிக்கடி வரும் குழப்பம்: 'வளைகுடா நீரோட்டம் நிற்கப் போகிறது.' நம் கரையில் கடல் நீரோட்டத்தை நீவாடு என்கிறோமே, அதுபோல மேல்நீரைப் பெரும்பாலும் இழுத்துப்போவது காற்று. அமெரிக்கக் கிழக்குக் கரையோரம் வடக்கே ஓடும் வெப்ப நீரோட்டமான வளைகுடா நீரோட்டத்தையும் காற்றும் பூமியின் சுழற்சியும்தான் முக்கியமாக ஓட்டுகின்றன. காற்று அடிக்கிறவரை அது ஓடும். வலுவிழக்கும் என்று அஞ்சப்படுவது வேறு: மேல்நீர் வடக்கே போய், அமிழ்ந்து, ஆழத்தில் தெற்கே திரும்பும் சுற்று. 2004 முதல் அட்லாண்டிக்கில் 26.5 டிகிரி வட அட்சரேகையில் அதைத் தொடர்ந்து அளக்கிறார்கள். சராசரியாக வினாடிக்கு 1.7 கோடி கன மீட்டர் அளவில் இருக்கிறது. இந்த நூற்றாண்டில் அது தளர்வது பெரும்பாலும் உறுதி என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை. முற்றாக நிற்குமா, எப்போது என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு தீரவில்லை. நாளைக்கே நின்றுவிடும் என்று பதறுவதும், நிற்கவே நிற்காது என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்வதும் எனக்கு ஒன்றுதான்.

படித்தவர்களே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வெயிலில் கிடந்த கோலி சோடாவை உடைத்தால் பொங்கி வழியும். சூடான நீரில் வாயு தங்காது, குளிர்ந்த நீரில் தங்கும். அதனால், ஆர்க்டிக்கின், அதாவது வடதுருவக் கடலின் பனிமூடி விலகினால் குளிர்ந்த கடல் கரியமில வாயுவை அள்ளிக் குடிக்கும், நல்லதுதானே என்கிறார்கள். இங்கேயும் உப்பை மறந்துவிட்டார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி புன்னைக்காயலில் கொண்டு கொட்டிய தண்ணீரை நினைத்துப் பாருங்கள். ஆற்றுநீர் லேசு, உப்புநீரின் மேல் விரிந்து மிதக்கும். ஆர்க்டிக் கடலில் இருப்பது உலகக் கடல்நீரில் சுமார் 1 சதவீதம்தான். ஆனால் உலக ஆற்றுநீரில் ஏறக்குறைய 10 சதவீதம் அதில் வந்து விழுகிறது. சைபீரியாவின் ஓப், எனிசே, லேனா எல்லாம் சாமானிய ஆறுகளா! உருகும் பனியும் சேர, மேலே நல்ல தண்ணீர்ப் படலம் ஒன்று நிற்கிறது. அந்த மெல்லிய படலம் வாயுவைச் சீக்கிரமே குடித்து நிறைந்துவிடும், கீழே கடத்தாது. அடியிலுள்ள சத்தும் மேலே ஏறாது. கரியை, அதாவது கார்பனை, உண்டு இறந்தபின் கொஞ்சம் ஆழத்துக்குக் கொண்டுபோகும் நுண்பாசிகளுக்கு அது பட்டினி.

மாணவர்களின் விளக்கப்படங்களில் பார்க்கும் இன்னொரு தவறு: கரியையும் கரியமில வாயுவையும் ஒரே எண்ணாகப் போடுவது. 1 டன் கரி, ஆக்சிஜனோடு சேர்ந்தால் 3.67 டன் வாயு. அரிசியையும் சோற்றையும் ஒரே படியால் அளக்கலாமா?

கடலுக்குள் போனது போனதுதான் என்பதும் சரியல்ல. ஆண்டுதோறும் நாம் விடும் கரியமில வாயுவில் சுமார் கால்பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. ஆனால் ஆழ்நீர் சில நூறு ஆண்டுகளிலிருந்து ஓராயிரம் ஆண்டுக்குள் எங்கேயாவது மேலே வரும். அதில் பெரும்பங்கு தென்துருவத்தைச் சுற்றி. ஒத்திக்கு விட்ட வயல் இது, கிரயம் முடிந்ததல்ல.

நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008 முதல் நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. 2014இல் அங்குள்ள கடற்கழியில், நீருக்கடியில் நங்கூரமிட்டு ஒரு கருவித் தொகுப்பை நிறுத்தினார்கள். சென்னையின் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அதில் கை உண்டு. வெப்பத்தோடு உப்பையும் அது அளக்கிறது. அடுத்த முறை உவரிக்குப் போனால் அந்தப் பெரியவரிடம் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.