இரண்டு இன்வெர்ட்டர்கள், ஒரே லோடு: ட்ரூப் முறையில் பகிர்ந்து ஓட்டுவது எப்படி?

இரண்டு இன்வெர்ட்டர்களின் அவுட்புட்டை அப்படியே சேர்த்துக் கட்டிவிடக் கூடாது. இரண்டும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஃபேஸ் கோணத்தில் மட்டும் 2 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 2 டிகிரிக்கே சுமார் 8 வோல்ட் வேறுபாடு வந்துவிடும். நடுவில் இருக்கும் இம்பீடன்ஸ் (ஏசி மின்னோட்டத்துக்கான மொத்தத் தடை) 0.4 ஓம் என்றால், லோடே இல்லாமல் 20 ஆம்பியர் இரண்டுக்குமிடையே சுற்றிக்கொண்டிருக்கும். இதைத் தடுக்கத்தான் ட்ரூப் கன்ட்ரோல்: சுமை ஏற ஏற இன்வெர்ட்டர் தன் அதிர்வெண்ணையும் வோல்டேஜையும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளும் முறை.

படி 1: ஒவ்வொரு இன்வெர்ட்டரும் தன் பவரைத் தானே அளக்க வேண்டும். சிங்கிள் ஃபேஸில் உடனடி பவர் 100 ஹெர்ட்ஸில் ஏறி இறங்கும். அதனால் இந்த வேகமான ஏற்ற இறக்கத்தை நீக்கிச் சராசரியைத் தரும் லோ-பாஸ் ஃபில்டர் கட்டாயம்.

படி 2: பவர் ஏற ஏற அதிர்வெண்ணைக் குறையுங்கள். முழு லோடில் 0.5 ஹெர்ட்ஸ் இறங்கட்டும். 5 கிலோவாட் இன்வெர்ட்டருக்குச் சரிவு கிலோவாட்டுக்கு 0.1 ஹெர்ட்ஸ், 10 கிலோவாட் இன்வெர்ட்டருக்குக் கிலோவாட்டுக்கு 0.05.

இப்போது 9 கிலோவாட் லோடு. சின்னது 4, பெரியது 5 எடுத்துக்கொண்டது என்றால் சின்னதன் அதிர்வெண் 49.6, பெரியதன் 49.75. சின்னதன் கோணம் பின்தங்கும், சுமை அதனிடமிருந்து நழுவிப் பெரியதிடம் போகும். இரண்டும் 49.7-ல் சேரும்போது 3-க்கு 6 என்று பங்கு நின்றுவிடும். நடுவே தகவல் வயர் ஒன்றுகூட இல்லை! எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

படி 3: ரியாக்டிவ் பவருக்கு (வேலை செய்யாமல் லோடுக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே போய்வரும் பவர்) இதேபோல் வோல்டேஜைக் குறைக்க வேண்டும். ஆனால் அதிர்வெண் எங்கும் ஒன்று. வோல்டேஜ் அப்படியல்ல, கேபிளுக்குக் கேபிள் மாறும். ஆகவே இந்தப் பங்கு துல்லியமாக வராது. லோ-வோல்டேஜ் கேபிளில் ரெசிஸ்டன்ஸே ஓங்கியிருப்பதால் இரண்டு பவரும் ஒன்றோடொன்று கலந்தும்விடும். மென்பொருளிலேயே ஒரு இண்டக்டரைப் போலச் செய்யும் ‘மெய்நிகர் இம்பீடன்ஸ்’ சேர்த்தால் இரண்டு குறையும் பெருமளவு தணியும்.

படி 4: இரண்டாவதை இணைக்கும் முன் பிஎல்எல் (ஃபேஸைப் பின்தொடர்ந்து பிடிக்கும் கன்ட்ரோல்) மூலம் பஸ்ஸின் (இரண்டும் சேரும் பொது லைனின்) வோல்டேஜ், அதிர்வெண், ஃபேஸ் மூன்றையும் பொருத்துங்கள். அதிர்வெண் ஒன்றானால் போதும் என்று நினைத்து கான்டாக்டரை (இணைக்கும் மின் சுவிட்சை) மூடிவிடாதீர்கள்.

படி 5: குறைந்துபோன 0.3 ஹெர்ட்ஸை மீட்க, இரண்டு சரிவுக்கோடுகளையும் ஒரே அளவு மேலே தூக்குங்கள். பங்கு மாறாது. ஆனால் ட்ரூப்பைவிட மெதுவாகச் செய்யுங்கள்.

முதலில் சிமுலேஷனில் ஓட்டிப் பாருங்கள். வன்பொருளுக்கு வந்ததும் லோடைக் கழற்றிவிட்டு, இணைப்புக் கேபிளில் கிளாம்ப் மீட்டர் போடுங்கள். அதில் பெரிதாக மின்னோட்டம் தெரிந்தால் 3-ஆம், 4-ஆம் படிகளுக்குத் திரும்புங்கள்.