சிடிகே1 ஆன்டிபாடி: ஆர்டர் போடுவதில் தொடங்கி பேண்ட் வரும் வரை

கோவை, ஈரோடு, சேலம் பக்கம் செல் சைக்கிள் வேலையில், செல் பிரிவதை நடத்தும் சிடிகே1 புரதத்தை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தை ஜெல்லில் பிரித்து, ஆன்டிபாடியால் பேண்டாக, அதாவது கோடாகக் காட்டும் முறை) பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கேலண்டரை. சித்திரை வெயிலில் வெள்ளிக்கிழமை கிளம்பும் ஆன்டிபாடி பார்சல் சனி, ஞாயிறு முழுக்க கூரியர் ஆபீசிலேயே கிடக்கும், ஐஸ் பேக் தண்ணீராகிவிடும். திங்களோ செவ்வாயோ அனுப்பச் சொல்லி டீலரிடம் கறாராகப் பேசிவிடுங்கள்.

எதை வாங்குவது? மொத்த சிடிகே1-ஐப் பிடிப்பது ஒன்று, 15ஆவது இடத்தில் இருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறியதை (பாஸ்போ) மட்டும் பிடிப்பது இன்னொன்று. பட்ஜெட் இடித்தாலும் இரண்டும் வேண்டும், ஏனென்றால் பாஸ்போ பேண்ட் மங்கினால் பாஸ்பேட் போனதா, புரதமே குறைந்ததா என்று ஒன்றை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. சிடிகே2-விலும் அந்த 15ஆவது இடத்தைச் சுற்றி ஏறக்குறைய அதே வரிசைதான், எடையும் கிட்டத்தட்ட அதேதான், அதனால் டேட்டாஷீட்டில் அதையும் பிடிக்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நிறையப் பேர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பாஸ்பேட் ஏறினால் கைனேஸ் (மற்ற புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதி, சிடிகே1-உம் அதில் ஒன்று) வேலை செய்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே நேர்மாறு. வீ1 என்ற கைனேஸ் டைரோசின் 15-இல் பாஸ்பேட்டை ஏற்றி சிடிகே1-ஐ அடக்கி வைக்கிறது, சிடிசி25 என்ற நொதி அதை எடுத்துவிட்ட பிறகுதான் செல் மைட்டோசிஸுக்குள், அதாவது பிரியும் கட்டத்துக்குள் போகும். பேண்ட் பளிச்சென்று தெரிந்தால் கைப்பிரேக் இன்னும் இழுத்தபடியே இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, சாம்பிள். செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரில், பாஸ்பேட் கழன்றுவிடாமல் இருக்க, சோடியம் ஆர்த்தோவனடேட், சோடியம் ஃப்ளோரைடு இரண்டையும் அன்றன்றைக்குச் சேருங்கள், எல்லாம் ஐஸ் மேலேயே நடக்கட்டும். ஈடிடிஏ, டிடிடி இருந்தால் வனடேட்டின் வேலை கெட்டுப்போகும், பஃபர் ரெசிபியை ஒருமுறை சரிபாருங்கள். அப்புறம் கன்ட்ரோல்: ஹீலா என்ற மனிதப் புற்றுநோய் செல்லில் ஒரு தட்டுக்கு ஹைட்ராக்ஸியூரியா, இன்னொன்றுக்கு நோகோடசோல், இரவு முழுக்க. முதலாவது டிஎன்ஏ நகலெடுக்கும் எஸ் கட்டத்தில் நிற்கும், பாஸ்போ பேண்ட் நன்றாக வரும். இரண்டாவது மைட்டோசிஸில் நிற்கும், அதில் உருண்டு மிதக்கும் மைட்டோசிஸ் செல்களைத் தட்டி எடுத்தால் பேண்ட் மங்கும். இந்த இரண்டு லேனும் இப்படி வராமல் உங்கள் சாம்பிளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதீர்கள்.

12 சதவீத ஜெல் போதும். பிவிடிஎஃப் மெம்பரேனை மெத்தனாலில் நனைத்து டிரான்ஸ்ஃபர் செய்யுங்கள். ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் பிளாக் செய்ய பால் பவுடரை விட 5 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு ரத்த அல்புமின்) நல்லது, பாலில் இருக்கும் கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம், பேக்கிரவுண்டைக் கூட்டிவிடலாம். முதல் ஆன்டிபாடியை 1:1000-இல் தொடங்கி, 4 டிகிரியில் இரவு முழுக்க ஆட்டவிடுங்கள். மறுநாள் டிபிஎஸ்டி பஃபரில் மூன்று கழுவல், ஹெச்ஆர்பி என்ற நொதி போட்ட செகண்டரி ஆன்டிபாடி ஒரு மணி நேரம். செகண்டரி கலக்கும் பஃபரில் மட்டும் சோடியம் அசைடு இருக்கவே கூடாது, ஹெச்ஆர்பி செத்துவிடும்.

பேண்ட் 34 கிலோடால்டன் பக்கம் வரும். அதனால்தான் லோடிங் கன்ட்ரோலுக்கு (எல்லா லேனிலும் சம அளவு புரதம் போனதா என்று காட்ட) ஜிஏபிடிஹெச் புரதம் வேண்டாம் என்கிறேன். அது 37-இல் வந்து பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும், மெம்பரேனை நடுவில் வெட்டவும் முடியாது. 55 பக்கம் வரும் டியூபுலின் வையுங்கள், நோகோடசோல் அதன் அளவை மாற்றிவிடுமோ என்று சந்தேகமிருந்தால் வின்குலின்.