மனநல மருத்துவத்தில் பிஜி சீட்: கல்லூரிகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவ மேற்படிப்பு (பிஜி) சீட் ஒதுக்கும் கவுன்சிலிங் சமயம் வந்தால் பெரம்பூரில் என் வீட்டுக்கு ஜூனியர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். "அண்ணா, எம்.டி. சைக்கியாட்ரி எங்கே எடுக்கலாம்?" என்று கேட்பவர் கையில் போன வருடக் கட்-ஆஃப் பட்டியல் இருக்கும். முதல் தவறே அந்தப் பட்டியல்தான். எந்த ரேங்கில் சீட் தீர்ந்தது என்பது எத்தனை பேர் அந்த ஊருக்குப் போக ஆசைப்பட்டார்கள் என்பதைத்தான் சொல்லும். அங்கே யார் உட்கார்ந்து சொல்லித்தருகிறார்கள் என்பது அதில் இருக்காது.

அடுத்த தவறைச் செய்வது வடசென்னைக்காரர்களான நாமேதான். "கீழ்ப்பாக்கத்துல சேர்த்துடுவேன்" என்ற மிரட்டலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த நினைப்பிலேயே விருப்பப் பட்டியலில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியைப் போட்டுவிட்டு, மனநலக் காப்பகம் கிடைக்கும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. 1794-இல் தொடங்கி, 1871 முதல் அயனாவரத்தை ஒட்டிய இப்போதைய இடத்தில் இயங்கும் காப்பகம், சென்ட்ரல் பக்கம் இருக்கும் சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. கீழ்ப்பாக்கம் கல்லூரி வேறு.

சரி, பெரிய இடம் என்றால் நல்ல பயிற்சியா? காப்பகத்தில் ஏறத்தாழ 1,800 படுக்கைகள். நாள்பட்ட மனச்சிதைவு, நீதிமன்றம் அனுப்பும் வழக்குகள், வீட்டார் அழைத்துப்போக வராத நோயாளிகள் என்று அங்கே பார்ப்பதை வேறெங்கும் அவ்வளவு பார்க்க முடியாது. ஆனால் குடியை நிறுத்திய மூன்றாம் நாள் கை நடுங்கி, போர்வையில் இல்லாத பூச்சியைப் பொறுக்குகிறவர் ஸ்டான்லி போன்ற பொது மருத்துவமனையின் மெடிசின் வார்டில்தான் படுத்திருப்பார். பிரசவமான நான்காம் நாள் குழந்தையைத் தன்னுடையதில்லை என்று சொல்லும் தாய்க்காக ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்துதான் அழைப்பு வரும். ஒன்றில் சேர்ந்தால் மற்றதற்கு எத்தனை மாதம் போஸ்டிங் அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை படுக்கை எண்ணிக்கையைவிட இந்தக் கேள்விதான் முக்கியம்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லூரியைப் பார்க்கப் போய், காலை பதினொரு மணி ஓ.பி. வரிசையைக் கண்டு அசந்து, அதையே முதல் விருப்பமாகப் போட்டேன். சேர்ந்த பிறகுதான் புரிந்தது, அந்த வரிசையில் பாதிப்பேர் பழைய மாத்திரையைத் திரும்ப எழுதி வாங்க வந்தவர்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம். கூட்டம் கையை வேகமாக்கியது, காதை வளர்க்கவில்லை.

அதனால் துறைத்தலைவரிடம் "சைக்கோதெரபி பயிற்சி உண்டா?" என்று கேட்காதீர்கள். எல்லா இடத்திலும் "உண்டு" என்றுதான் பதில் வரும். இரண்டாம் வருட மாணவரை டீக்கடைக்கு அழைத்துப்போய், "போன வாரம் உன் கேஸை யார் உன்னோடு உட்கார்ந்து பேசினார்கள்?" என்று கேளுங்கள். மின்னதிர்வு சிகிச்சைக்கு மயக்க மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார் என்றும் கேளுங்கள். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைக் கொடுப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. மயக்க மருத்துவர் வராத இடத்தில் அதைக் கற்றுக்கொள்ளவே முடியாது. உதவித்தொகை, பாண்டு (படிப்பு முடிந்ததும் அரசுப் பணி செய்வதாக எழுதித்தரும் ஒப்பந்தம்) விஷயங்களை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

இடத்தைக் கிலோமீட்டரில் அளப்பது இன்னொரு தவறு. நமக்கு ஸ்டெதஸ்கோப்பே மொழிதான். வியாசர்பாடி அம்மா "ஒரே பேஜாரா கீது டாக்டர்" என்றால் அது சலிப்பா, மனச்சோர்வா என்று குரலிலேயே நமக்குப் பிடிபடும். பெங்களூருவில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் அருமையான இடம். மற்றக் கல்லூரிகளுக்கான நீட் பிஜி தேர்வு வழியாக அல்ல, எய்ம்ஸ் போன்ற தேசிய நிறுவனங்களுக்கான ஐ.என்.ஐ.-செட் தேர்வு எழுதித்தான் போக வேண்டும். ஆனால் கன்னடம் பழகும்வரை நடுவில் ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்வார். நோயாளி கோர்வையில்லாமல் பேசியதை அவர் நல்லெண்ணத்தில் கோர்த்துச் சொல்லிவிட்டால், நோய்க்குறியே உங்கள் காதுக்கு வராது. போகாதீர்கள் என்று சொல்லவில்லை. முதல் ஆறு மாதம் மொழிக்கு என்று ஒதுக்கிவிட்டுப் போங்கள்.

வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகவே எடுப்பவர்களுக்கு: 2021-இல் சேர்ந்தவர்களிலிருந்து மூன்று மாத மாவட்ட மருத்துவமனைப் பயிற்சி கட்டாயம், அதற்கு மூட்டை கட்ட வேண்டியிருக்கலாம். அப்புறம், மீதி நாளெல்லாம் இரவு டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டு அக்கா தூக்க மாத்திரைச் சீட்டோடு வாசலில் நிற்பார்.